களையைப் பிடுங்குமுன் வயலை வாசியுங்கள்: எண்ணெய்வித்துப் பயிர்களில் களைச் சூழலியல் – முழுமையான வழிகாட்டி

நிலக்கடலை வயலில் ஆண்டுக்கு ஆண்டு கோரை கூடிக்கொண்டே போனால் முதலில் விசாரிக்க வேண்டியது உழவை. எள் வயலில் திடீரென்று குப்பைக்கீரை மண்டினால், சரியாக மக்காத தொழுவுரத்தை. கடுகில் பிரம்மத்தண்டு தலைகாட்டினால், விதை வந்த மூட்டையை. ஒரு வயலில் என்ன செய்யப்பட்டது, என்ன செய்யாமல் விடப்பட்டது என்பதற்கு ஏற்பத்தான் அங்கே களைகள் நிலைக்கின்றன. அந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாமல் களையெடுத்தால், அடுத்த பருவத்திலும் அதே களையோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

களை என்றதும் என்ன மருந்து, எத்தனை மில்லி என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்கு முந்தைய வேலையைப் பற்றியது. நிலக்கடலை, எள், சூரியகாந்தி, ஆமணக்கு, சோயா, கடுகு, ஆளி, குசும்பா என எந்த எண்ணெய்வித்துப் பயிரானாலும் சரி, வயலில் உள்ள களைக் கூட்டத்தைப் படித்து, எண்ணி, புரிந்துகொண்டு முடிவெடுப்பது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். தேவைப்படுபவை ஒரு மரச்சட்டம், சில தட்டுகள், ஒரு குறிப்பேடு. ஒரு பருவம் முழுக்கப் பொறுமையும் வேண்டும்.

படி 1: களைக்கு முன் பயிரைப் பாருங்கள்

ஒரு செடி களையாக வெற்றி பெறுவதற்குப் பாதிக் காரணம் பயிரிடம் இருக்கிறது. ஆகவே உங்கள் பயிர் எங்கே பலவீனமானது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

எள்ளின் பலவீனம் விதையிலேயே தொடங்குகிறது. ஆயிரம் எள் சேர்ந்தால் ஏறத்தாழ மூன்று கிராம். நிலக்கடலையின் ஒரு பருப்பு ஒரு எள்ளைப்போல் நூறு மடங்குக்கும் மேல் எடை கொண்டது. விதையில் சேமிப்பு குறைவாக இருப்பதால் எள் நாற்று முதல் மூன்று நான்கு வாரங்கள் மிக மெதுவாக வளர்கிறது. அதற்குள் பக்கத்தில் முளைத்த கீரை இனக் களைகள் அதன் தலைக்கு மேல் போய்விடுகின்றன.

நிலக்கடலையின் சிக்கல் வேறு. முளைப்பு வலுவானது, ஆனால் உயரம் குறைவு. பயிரைவிட உயர்ந்து வளரும் எந்தக் களையும் வெயிலைத் தடுத்துவிடும். அதோடு விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கத் தொடங்கியபின் மண்ணைக் கிளற முடியாது. விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாள்களுக்குப் பிறகு கொத்தினால் களையோடு காயும் போகும். அதனால் அந்த நாளுக்குப்பின் முளைக்கும் களைக்கு நிலக்கடலை வயல் ஒரு பாதுகாப்பிடம். கையால் பிடுங்குவது மட்டுமே மிச்சம்.

ஆமணக்கில் வரிசைகள் வெகு தூரம் தள்ளி இருப்பதால் நிழல் விழ இரண்டு மாதம்கூட ஆகலாம். குசும்பா முளைத்தபின் சில வாரங்கள் தரையோடு ஒட்டிய இலைத்தட்டாகவே கிடக்கும். அந்தக் காலம் முழுவதும் இடைவெளி திறந்தே இருக்கிறது. ஆளிக்கு இலைகள் மெலிந்தவை, அறுவடை வரை ஒளி தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். சூரியகாந்தியும் கடுகும் முதல் மாதத்தைத் தாண்டிவிட்டால் தாமே சமாளித்துக்கொள்ளும். சோயா வரிசையை நெருக்கினால் நன்றாக மூடும்.

இன்னொரு செய்தி வெப்பப் பருவத்துக்கு மிக முக்கியமானது. நிலக்கடலை, எள், சூரியகாந்தி, சோயா, ஆமணக்கு எல்லாமே சி-3 வகை ஒளிச்சேர்க்கை கொண்டவை. (சி-3, சி-4 என்பவை செடிகள் ஒளியில் உணவு தயாரிக்கும் இரண்டு முறைகள்.) இவற்றின் பெரிய எதிரிகளான கோரை, அறுகு, சாரணை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, நெருஞ்சி, காட்டுக் குதிரைவாலி ஆகியவை சி-4 வகை. வெயில் ஏற ஏற, ஈரம் குறையக் குறைய சி-4 செடிக்கு ஆதாயம். ஒரே அளவு நீரில் அது அதிகமாக வளரும். இந்த ஆதாயத்துக்கு ஒரு விலையும் உண்டு: நிழலில் இவை தடுமாறும். வெப்பப் பருவத்தில் பயிர் சீக்கிரம் நிழலிடுவதை நான் எந்த மருந்துக்கும் மேலாக மதிப்பது இதனால்தான். குளிர்காலக் கடுகிலும் ஆளியிலும் இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே சக்கரவர்த்திக்கீரை போன்ற சி-3 களைகள் பயிரோடு சம பலத்தில் நிற்கின்றன.

படி 2: மண்ணுக்குள் இருக்கும் இருப்பைக் கணக்கிடுங்கள்

கண்ணுக்குத் தெரியும் களை மொத்தத்தில் சிறு பகுதி. மீதி விதைகளாகவும் கிழங்குகளாகவும் மண்ணில் உறங்குகிறது. இதை விதை வங்கி என்கிறோம். இந்த உறக்கம் எவ்வளவு நீளலாம் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் தொடங்கிய சோதனை சான்று. களை விதைகளை ஈர மணலோடு கலந்து இருபது குப்பிகளில் புதைத்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் குறித்த கால இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தோண்டியெடுத்து முளைக்க வைக்கிறார்கள். 2021-இல் எடுத்த குப்பியிலும் சில விதைகள் முளைத்தன. எல்லாக் களைக்கும் இந்த ஆயுள் கிடையாது. புல் வகைகள் பலவும் சில ஆண்டுகளில் செத்துவிடும். கடினத் தோல் கொண்ட அகன்ற இலைக் களைகள்தான் நீண்ட நாள் காத்திருக்கும்.

உங்கள் வயலின் வங்கியை இப்படிச் சோதிக்கலாம். விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, குறைந்தது இருபது இடங்களில் மண் எடுங்கள். மேல் ஐந்து சென்டிமீட்டரைத் தனியாகவும், அதற்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டர் வரை உள்ளதைத் தனியாகவும் சேகரிக்க வேண்டும். வரப்போரத்து மண்ணை நடுவயல் மண்ணோடு கலந்துவிடாதீர்கள். இரண்டும் இரண்டு உலகங்கள். கற்களையும் வேர்களையும் நீக்கி, தட்டுகளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, வெளிச்சம் உள்ள இடத்தில் ஈரமாக வைத்திருங்கள். முளைப்பவற்றை அடையாளம் கண்டு எண்ணிப் பிடுங்கிவிடுங்கள். முளைப்பு ஓய்ந்ததும் மண்ணைச் சில நாள் காயவிட்டு, கிளறி, மறுபடியும் நனையுங்கள். இரண்டாம் சுற்றில் புதிய இனங்கள் வருவது சாதாரணம்.

கிளறியதும் ஏன் புதிதாக முளைக்கிறது? பல சிறு விதைகளுக்கு ஒளி தேவை. விதைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளி பட்டால் முளைக்கச் சொல்கிறது, தொலைச்சிவப்பு (சிவப்பையும் தாண்டிய, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒளி) பட்டால் நிறுத்தச் சொல்கிறது. மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் 1952-இல் லெட்டூஸ் விதைகளில் இதைக் காட்டினார்கள். உழும்போது புரளும் மண்ணில் ஒரு கணம் வெயில் பட்டால்கூடச் சில இனங்களுக்குப் போதும். செழித்த இலைப் பரப்பின் அடியில் சிவப்பு ஒளி வடிகட்டப்பட்டு தொலைச்சிவப்பு மிஞ்சுவதால், அதே விதைகள் பேசாமல் படுத்திருக்கும். பயிர் மூடியபின் களை முளைப்பது குறைவதில் இதற்கும் பங்கு உண்டு.

தட்டு முடிவில் மேல் மண்ணும் கீழ் மண்ணும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். சிறு விதைக் களைகள் மேலே உள்ள ஓரிரு சென்டிமீட்டரிலிருந்துதான் வெளியே வர முடியும். கீழ் மண்ணில் விதை அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருந்தால், ஆழ உழுது புதைத்த பழைய கடன் அது. இந்த ஆண்டு மறுபடியும் ஆழ உழுவது அதைத் தோண்டி மேலே கொண்டுவருவதாகும். மேலே அதிகமாக இருந்தால், விதைப்புக்கு முன் நீர் பாய்ச்சியோ முதல் மழைக்குக் காத்திருந்தோ முளைக்கவிட்டு, மண்ணை ஆழமாகப் புரட்டாமல் மேலோட்டமாகச் சுரண்டி அழித்துவிட்டு விதைக்கலாம். மிக எளிய உத்தி, ஆனால் விதைப்பு அவசரத்தில் பலரும் தாண்டிப்போவது.

படி 3: வயலில் எண்ணுங்கள்

"களை ஜாஸ்தி" என்பது ஒரு கணக்கே ஆகாது. ஐம்பது சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதன் பரப்பு கால் சதுர மீட்டர். வயலில் வளைந்து வளைந்து நடந்து இருபது இடங்களில் சட்டத்தைப் போடுங்கள். களை மண்டிய இடத்தைத் தேடிப் போகவும் கூடாது, தவிர்க்கவும் கூடாது. இத்தனை அடிக்கு ஒருமுறை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் கண் ஏமாற்றாது.

ஒவ்வொரு சட்டத்திலும் எந்த இனம், எத்தனை செடி என்று எழுதுங்கள். பெயர் தெரியாதவற்றுக்கு எண் கொடுத்து, ஒரு செடியைத் தாளில் அழுத்தி வையுங்கள். விதைத்த பதினைந்தாம், முப்பதாம், ஐம்பதாம் நாளில் ஒருமுறை, அறுவடைக்கு முன் ஒருமுறை எண்ணினால் கூட்டம் எப்படி மாறுகிறது என்பது தெரியும். கடைசி எண்ணிக்கையைத் தவறவிடாதீர்கள், விதை போடப்போகும் செடிகள் அவைதான்.

எண்களை வைத்து இரண்டு கணக்குகள் போட வேண்டும். அடர்த்தி என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை செடி. நிகழ்வெண் என்பது எத்தனை விழுக்காடு சட்டங்களில் அந்த இனம் காணப்பட்டது. எடுத்துக்காட்டாக, இருபது சட்டங்களில் (மொத்தம் ஐந்து சதுர மீட்டர்) சாரணை 60 செடி, கோரை 60 செடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் அடர்த்தியும் சதுர மீட்டருக்கு 12. ஆனால் சாரணை 12 சட்டங்களில் இருந்தது, கோரை 3 சட்டங்களில் மட்டும். நிகழ்வெண் முறையே 60 விழுக்காடு, 15 விழுக்காடு. சாரணை வயல் முழுவதற்குமான பிரச்சினை. கோரையோ இன்னும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது; இந்த நிலையில் அந்தத் திட்டுகளை மட்டும் தோண்டி எடுத்துவிட்டால் வயலைக் காப்பாற்றிவிடலாம். அடர்த்தியை மட்டும் பார்த்தவர் இரண்டுக்கும் ஒரே மருந்து அடித்திருப்பார்.

எண்ணிக்கை ஒன்றே போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பத்து அம்மான் பச்சரிசியைவிட ஒரு முள்ளுக்கீரை பயிருக்குக் கூடுதல் தொல்லை. அதனால் சில சட்டங்களில் களைகளைத் தரையோடு வெட்டி, இனவாரியாக உலர்த்தி எடை போடுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் சார்பு அடர்த்தி, சார்பு நிகழ்வெண், சார்பு எடை (எல்லா இனங்களின் மொத்தத்தில் அந்த இனத்தின் பங்கு) மூன்றையும் விழுக்காடாகக் கணக்கிட்டுக் கூட்டினால் வருவது முக்கியத்துவ மதிப்பு. எல்லா இனங்களின் மதிப்பையும் சேர்த்தால் 300 வரும். இந்தப் பட்டியலில் முதல் மூன்று இடங்களில் உள்ளவற்றைப் பற்றி மட்டும் இந்த ஆண்டு கவலைப்படுங்கள்.

படி 4: பெயரோடு நிற்காமல் வாழும் முறையை அறியுங்கள்

முதல் மூன்று இனங்கள் எவை என்று தெரிந்ததும், அவை எப்படிப் பெருகுகின்றன என்று கேளுங்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் களையெடுப்பில் வீணாகும் உழைப்பின் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

கோரை விதையை நம்பி வாழ்வதில்லை. மண்ணுக்குள் வேர்த்தண்டால் கோர்க்கப்பட்ட கிழங்குச் சங்கிலிதான் அதன் பலம். சங்கிலி முழுமையாக இருக்கும்வரை நுனிக் கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். கலப்பையோ ரோட்டவேட்டரோ சங்கிலியைத் துண்டாக்கினால் அந்த அடக்கம் போய், ஒவ்வொரு கிழங்கும் தனித்தனிச் செடியாகிவிடும். உழுத பத்து நாளில் கோரை இரட்டிப்பாகத் தெரிவது இதனால்தான். ஆனால் உழவே தவறு என்று முடிவு கட்டவும் கூடாது. கிழங்குகளுக்கு வறட்சி ஆகாது. கோடையில் உழுது, மேலே வந்த கிழங்குகளை வெயிலில் நன்றாகக் காயவிட்டால் பெருமளவு செத்துவிடும். ஈரமான பருவத்தில் அதே உழவு நடவு வேலையாகிவிடுகிறது. நிழலும் கோரைக்கு ஆகாது.

கானாம்வாழையை நிலக்கடலை வயலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு. மண்ணுக்கு மேலே நீலப் பூ பூத்து விதை தருவது போதாதென்று, மண்ணுக்குள்ளும் திறக்காத பூக்களை உண்டாக்கி அங்கேயே விதை வைக்கிறது. நிலக்கடலை மண்ணுக்குள் காய்க்கும், அதன் களையும் அப்படியே. மேலும் கீழுமாகப் பெரியது, சிறியது என நான்கு வகை விதைகள். உறக்கத்தின் நீளத்தில் இவை வேறுபடுகின்றன. எனவே ஒரே முறையில் எல்லாம் முளைத்துத் தீர்ந்துவிடாது. தண்டைக் கொத்தினால் கணுக்கள் வேர்விடும். வெட்டிய துண்டுகளை ஈர வயலிலேயே போட்டுவிட்டு வருவதில் பயனில்லை.

பருப்புக்கீரையும் இதே ரகம். சதைப்பற்றுள்ள தண்டு பிடுங்கிய பிறகும் பல நாள் உயிரோடிருக்கும், காய்களை முற்றவைத்துவிடும், மண் ஈரமாக இருந்தால் மறுபடி வேரூன்றும். பூத்த செடியைக் களத்துக்கு வெளியே கொண்டுபோய்த்தான் தீர வேண்டும்.

சாரணை அவசரக்காரன். மழை விழுந்ததும் பாய் விரித்தாற்போல முளைத்து, சில வாரங்களில் பூத்து விதை உதிர்த்துவிடும். முதல் களையெடுப்பு ஒரு வாரம் தள்ளிப்போனால்கூட அடுத்த பருவத்துக்கான இருப்பு மண்ணில் சேர்ந்துவிடுகிறது. கீரை இனக் களைகள் எண்ணிக்கையை நம்புபவை. சில சிற்றினங்களில் ஒரே செடி லட்சத்துக்கும் மேல் விதை தரும். இவற்றில் ஒன்றிரண்டு செடிகள்தானே என்று அறுவடைக்கு முன் விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் செலவு மிகுந்த சோம்பல்.

படி 5: போட்டி எந்த நாள்களில் நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

பயிர்க்காலம் முழுவதும் வயல் சுத்தமாக இருக்க வேண்டிய தேவையில்லை. தொடக்கத்தில் சில நாள்கள் களை இருந்தாலும் பயிர் தாங்கும். ஒரு கட்டத்துக்குப்பின் முளைக்கும் களை விளைச்சலைத் தொடாது. இடைப்பட்ட காலம்தான் நெருக்கடிக் காலம். நிலக்கடலைக்கும் சூரியகாந்திக்கும் பொதுவாக முதல் ஆறு வாரங்களுக்குள் இது முடிந்துவிடும். எள்ளுக்கு இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆமணக்குக்கு இரண்டு மாதம் வரை நீளும். இவை பொது அளவுகள். மண், மழை, இடைவெளி, களையின் இனம் எல்லாம் இதை நகர்த்தும்.

உங்கள் வயலுக்கானதை நீங்களே அளக்கலாம். சமமான ஒரு பகுதியில் சிறு பாத்திகள் பிரித்து, ஒரு தொகுதியில் 15, 30, 45, 60 நாள் வரை களையை வளரவிட்டு, அதன்பின் அறுவடை வரை சுத்தமாக வைத்திருங்கள். இன்னொரு தொகுதியில் அதே நாள்கள் வரை சுத்தமாக வைத்திருந்து அதன்பின் விட்டுவிடுங்கள். முழுக்கக் களை, முழுக்கச் சுத்தம் என்று இரண்டு பாத்திகளும் வேண்டும். ஒவ்வொன்றையும் மூன்று இடங்களில் திரும்பச் செய்தால் நம்பகம் கூடும். விளைச்சலை வரைபடமாக்கினால் ஒரு கோடு இறங்கும், ஒன்று ஏறும். ஐந்து விழுக்காடு இழப்பைத் தாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தால், முதல் கோடு அந்த அளவுக்கு இறங்கும் நாளுக்கும் இரண்டாவது கோடு அந்த அளவுக்கு ஏறும் நாளுக்கும் இடையே உள்ளதுதான் உங்கள் நெருக்கடிக் காலம்.

களை இன்னும் குட்டையாக இருக்கும்போதே பயிர் பாதிக்கப்படுவதைப் பலர் நம்புவதில்லை. பக்கத்துச் செடியின் பச்சை இலையில் பட்டுத் திரும்பும் ஒளியில் தொலைச்சிவப்பு மிகுதியாக இருக்கும். பயிரின் பைட்டோகுரோம் இதை உணர்ந்துகொள்கிறது. நிழல் விழுமுன்பே பயிர் தண்டை நீட்டத் தொடங்கி, வேருக்கும் கிளைக்கும் போக வேண்டியதைக் குறைத்துவிடுகிறது. நீருக்கும் உரத்துக்குமான போட்டி தொடங்குமுன்னரே இழப்பின் ஒரு பகுதி முடிவாகிவிடும்.

படி 6: ஒட்டுண்ணிகளையும் வேடதாரிகளையும் தனியாகத் தேடுங்கள்

எண்ணெய்வித்து வயல்களுக்கே உரிய சில ஆபத்துகள் உண்டு. எண்ணிக்கைப் பட்டியலில் இவை கீழே இருந்தாலும் முக்கியத்துவத்தில் முதலில் நிற்பவை.

ஓரோபாங்கி எனப்படும் வேர் ஒட்டுண்ணி சூரியகாந்தியையும் கடுகையும் தாக்கும். புகையிலை வயல்களில் இதன் உறவினரைப் புகையிலைக் காளான் என்பார்கள். பச்சை இல்லாத தண்டாக மண்ணைவிட்டு வெளியே வரும்போது அது பயிரின் வேரில் பல வாரம் குடியிருந்து முடித்திருக்கும். தூசி போன்ற விதை, ஒரு செடிக்கு லட்சக்கணக்கில். பொருத்தமான வேர் அருகில் வரும்வரை அது முளைக்காது. வேரிலிருந்து கசியும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேதிப்பொருள்தான் அதற்கு அழைப்பு. சூரியகாந்தியில் வேறு சில பொருள்களும் இந்த வேலையைச் செய்கின்றன. ஸ்ட்ரிகோலாக்டோன் வகையின் முதல் பொருள் 1966-இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தன்னை உண்ணவரும் ஒட்டுண்ணியைச் செடி ஏன் கூப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு 2005-இல்தான் தெளிவான விடை கிடைத்தது: செடி கூப்பிடுவது மண்ணில் உள்ள, வேரோடு கூடி வாழ்ந்து அதற்கு உதவும் வேர்ப்பூஞ்சையை. நடுவில் ஒட்டுண்ணி ஒட்டுக்கேட்கிறது. இதை அறிந்தால் ஒரு வழி பிறக்கிறது. கசிவால் முளைக்கத் தூண்டி, ஆனால் வேரில் இடம் கொடுக்காத பயிரைச் சுழற்சியில் சேர்த்தால் விதைகள் முளைத்துப் பட்டினி கிடந்து சாகும். தண்டு வெளியே தெரிந்த அன்றே, பூ விரியுமுன், பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

அம்மையார் கூந்தல் எனப்படும் கஸ்குட்டா தண்டு ஒட்டுண்ணி. பேயெள், ஆளி வயல்களில் மஞ்சள் நூலாகப் பின்னிக்கிடக்கும். இது பெரும்பாலும் பயிர் விதையோடு கலந்துதான் வருகிறது. தாக்கிய திட்டைப் பயிரோடு சேர்த்து அறுத்து அகற்றுங்கள். பயிரைக் காப்பாற்றலாம் என்று நூலை மட்டும் உருவ முயன்றால் துண்டுகள் புதிதாகப் பற்றிக்கொள்ளும்.

பிரம்மத்தண்டின் கதை வேறு. அதன் கரிய விதை அளவிலும் தோற்றத்திலும் கடுகை ஒத்தது. கலந்து ஆட்டினால் எண்ணெயில் சாங்குவினரின் என்ற நச்சு சேர்ந்து உடல் வீக்க நோயையும் மரணத்தையும் உண்டாக்கும். 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயால் பலர் இறந்ததற்கு இந்தக் கலப்பே காரணம். கடுகு வயலில் ஒரு பிரம்மத்தண்டைக்கூட விட்டுவைக்காதீர்கள் என்பதில் எந்தச் சூழலியல் சமரசமும் இல்லை.

விதையை ஒத்திருப்பது சில நேரம் மனிதன் செய்த தேர்வின் விளைவு. ஐரோப்பாவின் ஆளி வயல்களில் கேமலினா என்ற கடுகுக் குடும்பக் களை இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தூற்றியபோது ஆளியோடு சேர்ந்து விழுந்த விதைகள் மட்டுமே மறுபடி விதைக்கப்பட்டன. மற்றவை பதரோடு போயின. கடைசியில் தூற்றினாலும் பிரியாத ஒரு வகையே உருவாகிவிட்டது. இப்படிப் பயிரைப் போலவே மாறும் போக்குக்கு ரஷ்ய அறிவியலாளர் வவிலவின் பெயரே வழங்குகிறது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு கேமலினா இன்று எண்ணெய்வித்துப் பயிராகவே பயிரிடப்படுகிறது. களைக்கும் பயிருக்கும் இடையே உள்ள வேலி அவ்வளவு உயரமில்லை.

படி 7: பயிரின் உறவினர்களைக் கவனியுங்கள்

சென்ற பருவம் உதிர்ந்த பயிரே இந்தப் பருவத்தின் களையாகலாம். கடுகு இனங்களில் இது கடுமை. கடுகு இன எண்ணெய்வித்தான கனோலாவின் விதை உதிரும்போது உறக்கம் இல்லாதது. ஆனால் ஈரம் குறைந்த இருட்டில் புதைபட்டால் உறக்கத்துக்குப் போய்ப் பல ஆண்டு கிடக்கும். அறுவடை முடிந்ததும் உழுது மூடாமல், உதிர்ந்ததை மேலேயே விட்டு முளைக்கவைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உறவினர்களுக்கிடையே மகரந்தமும் போகும். அது இரு வழிப் பாதை. 1996-இல் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு சோயா வயலில், அங்கே பல ஆண்டு தெளிக்கப்பட்ட இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லிக்குச் சாகாத காட்டுச் சூரியகாந்தி கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தாங்கும் பண்பை வளர்ப்புச் சூரியகாந்திக்கு மாற்றிப் புதிய ரகங்களை உருவாக்கினார்கள். களையிடமிருந்து பயிர் வாங்கிய பண்பு, பயிரிலிருந்து மறுபடி காட்டுச் சூரியகாந்திக்குப் போக மகரந்தம் ஒன்றே போதும். காட்டு உறவினர் உள்ள இடங்களில் வரப்போரத்தைக் கண்காணிப்பது அதனால்தான் அவசியம்.

படி 8: வரப்பில் நிற்பதை மதிப்பிடுங்கள்

களை பயிரோடு போட்டியிடுவதோடு நிற்பதில்லை. 2000-இல் ஆந்திரத்தின் அனந்தபூர் நிலக்கடலை வயல்களில் தண்டுக்கருகல் வைரஸ் நோய் பரவிப் பேரழிவு செய்தது. புகையிலைக் கோடு வைரஸ் என்ற அந்தக் கிருமியை நோய்க்குறி எதுவும் காட்டாமல் சுமந்திருந்தது பார்த்தீனியம். அதன் மகரந்தத்தோடு இலைப்பேன் வைரஸைக் கொண்டுவந்து சேர்த்தது. சூரியகாந்தியின் இலைக்கருகல் வைரஸ் நோய்க்கும் இதே கூட்டணிதான். வயலுக்குள் பார்த்தீனியம் ஒன்றுகூட இல்லையே என்பவர் வரப்பையும் தரிசையும் பார்க்க வேண்டும். பூக்குமுன் அழித்தால்தான் பயன்.

மறுபக்கமும் இருக்கிறது. சூரியகாந்தியும் கடுகும் தேனீக்களை நம்பியவை. பயிர் பூக்காத நாள்களில் தும்பை போன்ற வரப்புச் செடிகள்தான் அவற்றுக்குத் தீனி. எறும்புகளும் வண்டுகளும் தரையில் கிடக்கும் களை விதைகளைக் கணிசமாகத் தின்கின்றன. உடனே உழுது மூடினால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. எல்லா வரப்பையும் மொட்டையடிப்பது எனக்கு உடன்பாடில்லை. நோய் சுமப்பதை அகற்றி, மற்றதை விட்டுவைக்கலாம்.

படி 9: குறிப்பேட்டை முடிவாக மாற்றுங்கள்

இப்போது உங்களிடம் விதை வங்கி விவரம், நான்கு எண்ணிக்கைகள், முதல் மூன்று இனங்களின் குணம், நெருக்கடிக் காலம் எல்லாம் இருக்கின்றன. இவற்றைச் சென்ற சில ஆண்டுகளின் வேலைகளோடு ஒப்பிடுங்கள்.

களை முளைக்குமுன் தெளிக்கும் ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்த நிலக்கடலை வயலில் சிறு விதைப் புற்கள் குறைந்து கோரையும் கானாம்வாழையும் மேலோங்கியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். பெண்டிமெத்தலின் போன்றவை முளைக்கும் சிறு விதைகளைத் தடுக்கும், கிழங்கைத் தொடாது. காலியான இடத்தைக் கிழங்குக்காரன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதே மருந்தின் அளவைக் கூட்டுவதால் எதுவும் மாறாது. கோடை உழவும், நெருக்கமாக நிழலிடும் பயிரும் தேவை.

மருந்து மாற்றாமல் விட்டால் கூட்டம் மாறுவதோடு இனத்துக்குள்ளேயே மாற்றம் வரும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா அமெரிக்காவில் 1996-இல் விற்பனைக்கு வந்தது. 2000-இல் டெலவேரின் சோயா வயல்களில் அந்த மருந்துக்குச் சாகாத எரிஜெரான் இனக் களை தென்பட்டது. எத்தனை விதை, எத்தனை தெளிப்பு, எத்தனை தலைமுறை என்பதே கணக்கு. தெளித்தபின் ஒரே இனத்தின் சில செடிகள் மட்டும், செத்தவற்றின் நடுவே, பச்சையாக நின்றால் அவற்றை விதை போடவிடாமல் கையால் அகற்றுங்கள்.

பயிர்ச் சுழற்சியில் பயிரின் பெயரைவிடக் காலம் முக்கியம். நிலக்கடலைக்குப்பின் அதே மாதத்தில் எள் விதைத்தால் களைகளுக்கு எதுவும் மாறவில்லை. விதைப்புக் காலமும் அறுவடைக் காலமும் வேறான பயிரைச் சேர்க்கும்போதுதான் ஒரு தலைமுறை தவறான நேரத்தில் முளைத்து அகப்பட்டுக்கொள்ளும். தானியப் பயிரை நடுவில் வைத்தால் அகன்ற இலைக் களைகளைக் கட்டுப்படுத்தும் வழிகள் கூடும். அகன்ற இலை எண்ணெய்வித்துக்குள் புற்களைப் பிடிப்பது எளிது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

விதை அளவையும் இடைவெளியையும் களைக் கோணத்தில் மறுபடி பாருங்கள். எள்ளில் கலைத்தல் (நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கி விலக்குதல்) செய்யும்போது இடைவெளிகள் விழாமல் பார்த்துக்கொள்வது ஒரு களையெடுப்புக்குச் சமம். நிலக்கடலையில் இரண்டாம் களையெடுப்போடு மண் அணைத்துவிட்டால், அதன்பின் கிளறாமலே தாக்குப்பிடிக்கலாம்.

கடைசி வேலை களத்தில். கதிரடிக்கும் இயந்திரம் வேறு வயலிலிருந்து வந்தால் உள்ளே தங்கிய விதைகளைத் தட்டிக் கூட்டிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். சலித்தபின் மிஞ்சும் குப்பையை எருக்குழியில் போடுமுன் குழி சூடேறி மக்கும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்; ஆறிய குழியில் களை விதை சாவதில்லை. அடுத்த விதைக்கு எடுத்துவைக்கும் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பி, பயிர் விதை அல்லாத ஒவ்வொன்றையும் பொறுக்கி எண்ணி, குறிப்பேட்டின் அடுத்த ஆண்டுப் பக்கத்தில் முதல் வரியாக எழுதிவையுங்கள்.